46,500 ரூபா போச்சு: வீட்டுத் தொட்டிக்குப் பவளம் வாங்கப்போறவை ஒருக்கா வாசியுங்கோ

நேற்றிரவு 9 மணிக்கு எனக்குப் பவளம் வித்த ஆள் என்னை புளொக் பண்ணிப்போட்டார். ஆத்திரம் அடங்கேல்லை, அதோடதான் எழுதுறன். 46,500 ரூபா. பின்னேரங்களில ரியூசன் குடுத்துச் சேர்த்துக் கட்டின சீட்டுக்காசு.

சின்னக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கிற ஆக்கள், முதன்முதலா எந்தப் பவளம் வாங்கலாம் எண்டதைக் கடைசியில விளக்கமா எழுதுறன். முதல்ல நடந்ததைச் சொல்லிப்போடுறன்.

எங்கட வீடு கோண்டாவிலில. தொட்டி 2 அடி, கிட்டத்தட்ட 60 லீற்றர் பிடிக்கும். மாசியில தண்ணி விட்டனாங்கள். கிணத்துத் தண்ணியில கை வைக்கேல்லை. தோட்டத்துக்குப் போடுற பசளை சுண்ணக்கல்லுக்குள்ளால நேர கிணத்துக்கு இறங்கிற இடம் இது, நைட்ரேட் கூட. ஆர்.ஓ. தண்ணி வாங்கி, கடல் உப்புக் கரைச்சு, அடர்த்தி 1.025க்குக் கொண்டுவந்து, புதுத் தொட்டியில மீனுக்கு நஞ்சாகிற அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வரும்வரை 7 கிழமை மீனும் விடாமல் காத்திருந்தனாங்கள். சித்திரை வெயிலுக்கு மேல ஒரு சின்ன ஃபான் பூட்டி 27 பாகையில வைச்சிருந்தன். ஃபான் போட்டா ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் அளவில ஆவியாப்போகும். உப்பு ஆவியாகாது, அதால குறையிற அளவுக்கு வெறும் நல்ல தண்ணிதான் விடவேணும். இதையெல்லாம் மகன் ஒரு கொப்பியில திகதி போட்டு எழுதி வைச்சிருக்கிறான். எங்கட பக்கத்துக் கவலையீனம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது எண்டதுக்காகத்தான் இவ்வளவும் சொல்லுறன்.

பவளம் எடுத்தது சமூக ஊடகத்தில நடக்கிற ஒரு விற்பனைப் பக்கத்தில. கடை எண்டு ஒண்டு இல்லை. கொழும்புப் பக்கம் வீட்டில வைச்சு வளர்க்கிறதாச் சொல்லி, இரவு பஸ்ஸில யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிறவை. "ஆரம்பக்காரருக்கான தொகுதி, 7 துண்டு, 46,500 ரூபா." சோவா 2, மஷ்ரூம் 2, கிரீன் ஸ்டார் 1, லெதர் 1, டங்கன் 1. பட்டியலைப் பார்த்தா பிழை சொல்லேலாது. புதுசா வைக்கிற ஆக்களுக்குச் சொல்லுற பவளங்கள்தான் எல்லாம்.

நான் நம்பினது பட்டியலை இல்லை, அந்த ஆள் கேட்ட கேள்வியளை. நான் விலை கேட்டு மெசேஜ் போட, விலையைச் சொல்லாமல், "அக்கா, முதல்ல உங்கட தண்ணியைப் பாப்பம். அல்கலினிட்டி எவ்வளவு? நைட்ரேட் எவ்வளவு? எத்தினை நாளா தொட்டி ஓடுது?" எண்டார். எங்கட பேச்சுத்தான். "நானும் இணுவில் பக்கம் அக்கா" எண்டும் சொன்னார். விக்கிறதை விட உயிர் தப்பவேணும் எண்டு யோசிக்கிற பிள்ளை எண்டு நினைச்சன். நான் ஓ.எல். பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறனான், சொட்டுச் சொட்டா விட்டு நிறம் மாறுறதைப் பார்க்கிறது எனக்குப் பழகின வேலை. அண்டைக்கு இரவே சோதிச்சு, ஒவ்வொரு குப்பியாப் படம் எடுத்து அனுப்பினன். அல்கலினிட்டி (தண்ணி அமிலத்தைத் தாங்கிற அளவு) 8.4, கல்சியம் 420, நைட்ரேட் 15. உடன மறுமொழி வந்தது: "சூப்பர் அக்கா. நைட்ரேட் சுத்தமாப் பூச்சியம் எண்டாத்தான் எனக்குப் பயம். உங்கட தண்ணிக்கு இந்தத் தொகுதி கண்ணை மூடிக்கொண்டு வளரும்." உயிரோட வந்து சேராட்டி முழுக் காசும் திருப்பித் தருவம் எண்டார். வந்த பிறகு காசு தரலாமோ எண்டு கேட்டதுக்கு, உயிருள்ள பொருள், முன்காசு இல்லாமல் அனுப்பிறேல்லை எண்டார். அடுத்த நாள் காலமை வங்கியில 46,500 போட்டன். பஸ் பார்சல் காசு தனி.

போன கிழமைக்கு முதல் வியாழன், விடிய 5.30க்கு பஸ் ஸ்டாண்டில மகனும் நானும் நிண்டு பெட்டியை எடுத்தனாங்கள். ரிஜிபோம் பெட்டி. வீட்டை வந்து திறக்க, ஏழு பையில ஒண்டுக்குள்ள தண்ணி ரோஸ் நிறம். லெதர் இருந்த பை அது. வெளியில எடுத்து வெள்ளை ரிசுவில ஒத்தினன், ரிசுவில அப்பிடியே ரோஸ் படிஞ்சுது, சாயத் துணியைப் பிழிஞ்ச மாதிரி. லெதர் எண்டது இயற்கையா மண்ணிறம், இளம் பச்சை, கிரீம். படத்தில ரோஸா இருந்ததை நான் படம் எடுக்கிற நீல வெளிச்சத்தின்ர வேலை எண்டு நினைச்சிட்டன். உயிருள்ள ஒண்டுக்குச் சாயம் பூசியிருக்கினம். அதுக்குள்ள இருக்கிற பாசிதான் வெளிச்சத்தில சாப்பாடு செய்து அதுக்குக் குடுக்கிறது. சாயம் அந்த வெளிச்சத்தை மறைச்சுப்போடும், பவளம் உள்ளுக்குள்ள பட்டினி.

கிரீன் ஸ்டார், கல்லில வளர்ந்தது இல்லை. எங்கயோ இருந்து உரிச்ச ஒரு தோலை, பசை வெள்ளையாத் தெரிய ஒட்டியிருந்தது. சோவாவிலயும் வெட்டின காயம் ஆறேல்லை.

டங்கன் எண்டு எழுதின பையில டங்கனே இல்லை. டங்கன் குழாய் குழாயாக் கிளைவிட்டு, ஒவ்வொரு நுனியிலயும் ஒரு பெரிய வாயோட இருக்கும். வந்தது ஒரு உருண்டைக் கல்லு, அதில நெருக்கமாச் சின்னச் சின்னப் பொலிப்புகள், பூ மாதிரி விரியிற பவள உயிர்கள். தண்ணிக்குள்ள விட்டு, பின்னேரம் கொஞ்சம் விரிஞ்ச நேரம் படம் எடுத்துப் பெருப்பிச்சு, மகனும் நானும் ஒரு பொலிப்பில எத்தினை விரல் எண்டு எண்ணினம். 24. அப்ப இது கோனியோபோரா எண்ட வேற பவளம். புதுத் தொட்டியில சில கிழமை வடிவா நிண்டுபோட்டுச் செத்துப்போறதில பேர்போன பவளம், ஆரம்பக்காரருக்குத் தரவே கூடாதது. அதைப் பிரட்டிப் பார்த்த நேரம்தான் எனக்கு வயிறு எரிஞ்சது. அடிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையில புதுசா முறிஞ்ச முறிவு. ஓரத்தில ஒரு கடற்பஞ்சுத் துண்டு, ஒரு புழுக் குழாய். வீட்டில சின்ன அடித்தட்டில ஒட்டி வளர்த்த பவளத்துக்கு அப்பிடி அடி இருக்காது. இது மாதிரிக் கல்லுப் பவளம் எங்கட நாட்டில வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடல்ல உடைச்சதை "வீட்டில வளர்த்தது" எண்டு என்ர கையில தந்திருக்கினம் எண்டுதான் நான் நினைக்கிறன். நெடுந்தீவில பவளக்கல்லு வேலியளைப் பார்த்து வளர்ந்தவள் நான். செத்த கல்லு வேற, உயிரோட இருந்ததை உடைக்கிறது வேற.

6.10க்கே ஏழு பையின்ரயும் படம் அனுப்பிப்போட்டன். மறுமொழி மத்தியானம்: "பயணக் களைப்பு அக்கா, மூண்டு நாள் பாருங்கோ." மூண்டாம் நாள் லெதர் கூழாகி மணக்கத் தொடங்கியிட்டுது. இரவோட இரவா எடுத்து எறிஞ்சு பாதித் தண்ணி மாத்தினன், இல்லாட்டி அமோனியா ஏறி மிச்சமும் போயிருக்கும். டங்கனைப் பற்றிக் கேட்டன். "ரெண்டும் ஒரே குடும்பம்தான் அக்கா." பச்சைப் பொய். காசைக் கேட்டன். "பை திறக்க முதல் வீடியோ எடுத்தனீங்களோ? அது எங்கட விதி." காசு வாங்கமுதல் அந்த விதி எங்க போனது?

பிறகு வந்த மெசேஜை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டன். "அக்கா, நைட்ரேட் 15 எண்டு நீங்களே அனுப்பியிருக்கிறீங்கள். அந்தத் தண்ணியில என்ன வளரும்?" சூப்பர் எண்டு சொன்ன அதே வாய். அந்த ரெண்டு மெசேஜையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படம் எடுத்து வைச்சிருக்கிறன். அந்தக் கேள்வியள் பவளத்துக்காகக் கேட்டது இல்லை, நாளைக்கு என்ர தலையில பழியைப் போட எடுத்து வைச்ச கணக்கு. நான் விளங்கப்படுத்த வெளிக்கிட, "வீட்டில அண்ணா இருந்தா போனைக் குடுங்கோ" எண்டார். காசு போட்ட நேரம் அண்ணாவைத் தேடேல்லை.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்டு. முந்தநாள் சோவாக் கல்லும் அழுகத் தொடங்க, என்ன செய்யிறது எண்டு கேட்டன். "கல்லைச் சுடுதண்ணியில போட்டு அவிச்செடுங்கோ, திருப்பிப் பாவிக்கலாம்." தயவுசெய்து ஒருத்தரும் இதைச் செய்யாதேங்கோ. சோவா வகையளில பலிடொக்சின் எண்ட கொடிய நஞ்சு இருக்கலாம். சூட்டுக்கு அது அழியாது, அவிக்கிற ஆவியோட மூச்சுக்குள்ள போகும். வெளிநாடுகளில இப்பிடிக் கல்லு அவிச்சு முழுக் குடும்பமும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இருக்கு. எங்கட குசினியில, சின்னப் பிள்ளை நிக்கிற வீட்டில, அந்தக் கல்லை நான் அடுப்பில வைச்சிருந்தா? 46,500 ரூபா போனாப் போகட்டும். இதைச் சொல்லிப்போட்டு அந்த ஆள் எப்பிடி நித்திரை கொள்ளுறார்?

அதைத்தான் நேற்று இரவு எழுதிக் கேட்டன். வாசிச்ச அடையாளம் விழுந்தது, பிறகு புளொக். இண்டைக்குக் காலமை மகன் தன்ர போனில பார்த்தான். அதே வீடியோ, அதே தொகுதி, அதே 46,500, புதுசாப் போட்டிருக்கினம். கீழ ஒரு பிள்ளை "யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவீங்களோ" எண்டு கேட்டிருக்கு. அதுக்காகத்தான் இண்டைக்கே எழுதுறன்.

விளக்கமா எழுத இப்ப மனம் ஓடேல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: முதல்ல ஒரு மஷ்ரூம் மட்டும் வாங்குங்கோ, ஒரு மாதம் அது நிண்டாப் பிறகு சோவா. தொகுதி வாங்காதேங்கோ. நீல வெளிச்சத்தில எடுத்த வீடியோவை நம்பாதேங்கோ, வெள்ளை வெளிச்சத்தில அண்டைக்கு எடுத்ததைக் கேளுங்கோ, அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கோ. ரோஸ் லெதர், கடும் நீல லெதர் எண்டா கிட்டவும் போகாதேங்கோ. கிரீன் ஸ்டாரைத் தனிக் கல்லில வையுங்கோ, இல்லாட்டி முழுத் தொட்டியையும் மூடும். சோவா தொடேக்குள்ள கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கோ. முழுக் காசையும் முன்னுக்குப் போடாதேங்கோ.

ஏழில நல்லா மிஞ்சினது ஒரு மஷ்ரூம்தான். நேற்றுத்தான் முதன்முதலா முழுசா விரிஞ்சது. கோனியோபோரா ஒரு பக்கம் வெள்ளையாப் போயிட்டுது, மற்றப் பக்கத்தில இன்னும் கொஞ்சம் ஆடுது. அதைக் காப்பாத்தினதில அனுபவம் உள்ள ஆரும் இருந்தா, இண்டைக்கு இரவே எனக்கு எழுதுங்கோ.