கனமான சேஸியை ராக்கில் ஏற்ற: ஆள்பலமா, கழற்றித் தூக்குவதா, லிஃப்டா?

ஒரே வாரத்தில் ஒரே மாதிரியான இரண்டு ஸ்விட்ச் சேஸிகளை (நெட்வொர்க் ஸ்விட்சின் பாகங்களைத் தாங்கும் உலோகக் கூடு) ராக்கில் (கருவிகளை அடுக்கும் தூண் சட்டம்) ஏற்றும் வேலை வந்தது. இரண்டும் 10 யு, அதாவது சுமார் 44 செ.மீ. உயரம். பவர் சப்ளையும் ஃபேன் ட்ரேயும் மாட்டிய நிலையில் ஒவ்வொன்றும் 70 கிலோவைத் தாண்டும். முதலாவதை நான்கு பேர் சேர்ந்து கையால் தூக்கினோம். மூன்று நாள் கழித்து இரண்டாவதை லிஃப்டில் வைத்து ஏற்றினோம். உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் தூக்கும் மூன்றாவது வழியையும் அதற்கு முன்பு சில தடவை செய்திருக்கிறேன். இனிமேல் முடிவு என் கையில் இருந்தால் லிஃப்ட்தான். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன். மற்ற இரண்டுக்கும் இடம் இல்லை என்று அர்த்தமில்லை.

லிஃப்ட் என்றதும் மாடிக்குப் போகும் லிஃப்டை நினைக்க வேண்டாம். நான்கு சக்கரம், நேராக நிற்கும் ஒரு கம்பம், அதில் ஏறி இறங்கும் ஒரு தட்டு, தட்டை ஏற்றச் சுற்றும் ஒரு கைப்பிடி. சர்வர் லிஃப்ட் என்பது இவ்வளவுதான். மோட்டாரில் ஓடும் வகையும் உண்டு. நான் பயன்படுத்தியது கையால் சுற்றும் வகை என்பதால் கீழே சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, மோதிரத்தையும் வாட்சையும் கழற்று, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ போடு என்பதெல்லாம் மூன்று வழிக்கும் பொது. அதைத் தாண்டிப் போகலாம்.

எடையும் அதை ஏற்றும் இடமும்

ஆள்பலம் போதும் என்பவர்கள் முதலில் எடையை ஆள் கணக்கால் வகுப்பார்கள். 70 கிலோவை நான்கு பேர் தூக்கினால் ஆளுக்குப் பதினேழரை கிலோ, அது ஒரு பெரிய எடையா என்பார்கள். ஐபிஎம் போன்றவர்கள் கருவியில் ஒட்டும் எச்சரிக்கை லேபிளிலும் 18 கிலோ, 32 கிலோ, 55 கிலோ என்று படிகள் வைத்து, படி ஏற ஏற ஆள் எண்ணிக்கையைக் கூட்டித்தான் படம் போட்டிருப்பார்கள். அதனால் இந்தக் கணக்கு நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் எடையை எந்த உயரத்தில், உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பது அந்த வகுத்தலில் வருவதில்லை. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1991-இல் திருத்திய தூக்கும் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. சுமை உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், நேர் எதிரே, நல்ல பிடியோடு இருந்தால்தான் அந்த 23 கிலோ. தூரம் 50 செ.மீ. ஆனால் அது பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். அதே சுமை 150 செ.மீ. உயரத்துக்குப் போனால் இன்னும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிந்து 9 கிலோ பக்கம் நிற்கும். உடம்பைத் திருப்பினால் அதிலும் குறையும். இந்தச் சூத்திரம் ஒருவர் இரண்டு கையால் தூக்குவதற்கானது. நான்கு பேருக்கு நான்கால் பெருக்கிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் நான்கு பேர் மேலும் எடை ஒரே சமமாக இறங்குவதே இல்லை. உயரமானவர் பக்கம் ஏறும், குட்டையானவர் பக்கம் சரியும், சேஸியின் கனமான மூலையைப் பிடித்தவருக்கு மற்றவர்களைவிட அதிகம் விழும்.

முதல் சேஸி

எங்கள் ராக்கில் கீழ்ப்பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தது. புதிய சேஸியின் அடிப்பாகம் நெஞ்சு உயரத்தில் உட்கார வேண்டும். பக்கத்துக்கு இரண்டு பேராகப் பிடித்து, ஒரே எண்ணிக்கையில் தூக்கினோம். தரையிலிருந்து நெஞ்சுவரை எந்தச் சிரமமும் இல்லை. தூக்கியது சில விநாடிதான். சிக்கல் அதற்கப்புறம் வந்தது.

சேஸியின் பின்பகுதி ராக்கின் தூண்களுக்கு நடுவே நுழைந்ததும், பின்னால் நின்ற இருவரும் கையை எடுக்க வேண்டியிருந்தது. எடுக்காவிட்டால் தூணுக்கும் சேஸிக்கும் நடுவில் விரல் மாட்டும். அதாவது நான்கு பேர் தூக்கிய சுமை, மிகவும் கவனம் தேவைப்படும் அந்தக் கடைசி அடியில் முன்னால் நிற்கும் இருவர் கைக்கு வந்துவிடுகிறது. அந்த இருவரும் இப்போது சேஸியின் முன் விளிம்பை, உடம்பிலிருந்து தள்ளி, கை நீட்டிப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, இன்னும் ஒரு தள்ளல்தான் என்று தள்ளினோம். காது பிராக்கெட்டின் (சேஸியைத் தூணோடு இணைக்கும் பக்கத் தகடு) ஓட்டைகள் கேஜ் நட்டுகளோடு (தூணின் ஓட்டையில் மாட்டும் நட்) சேரவில்லை. ராக் தூணில் ஓட்டைகள் சமமான இடைவெளியில் இருப்பதில்லை என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். 15.9 மி.மீ., 15.9 மி.மீ., 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். மூன்றும் சேர்ந்து 1 யு, அதாவது 44.45 மி.மீ. பென்சிலால் குறிக்கும்போது ஒரு ஓட்டை தள்ளிக் குறித்துவிட்டிருந்தோம். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஸ்க்ரூ மட்டும் உள்ளே போகவில்லை.

அந்த நேரத்தில் வலப்பக்கம் பிடித்திருந்தவரின் முன்கை நடுங்க ஆரம்பித்ததை நான் ஒரு அடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி நழுவாமல் இருக்க அவர் பவர் சப்ளையின் கைப்பிடியைப் பற்றினார். எந்தக் கையேட்டை எடுத்தாலும் வேண்டாம் என்று எழுதியிருப்பது அதைத்தான். அந்தக் கைப்பிடி அந்த ஒரு பாகத்தை இழுத்து எடுக்கப் போதும், மொத்த சேஸியைத் தாங்கச் செய்ததில்லை. கீழே வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பின்னால் நின்ற இருவரும் ஓடிவந்து பிடித்தார்கள், சேஸியை வெளியே இழுத்து இறக்கினோம். இறக்கும்போது ஒருவரின் விரல் நுனி பிராக்கெட்டுக்கும் தூணுக்கும் இடையில் நசுங்கியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் கறுத்துப்போனது. குறியைத் திருத்திவிட்டு இரண்டாம் தடவை ஏற்றினோம், உட்கார்ந்தது.

அன்றைக்கு யாருக்கும் பலம் குறையவில்லை. ஓட்டை சேராத அந்த ஒரு நிமிடம் சுமையைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்களிடம் வழி இல்லை, அவ்வளவுதான். இந்த மூன்று வழிகளில் நான் எதை எடுப்பேன் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்: பாதி வழியில் எதாவது தப்பானால், சுமையை அப்படியே நிறுத்திவைக்க முடியுமா?

இரண்டாவது சேஸி

லிஃப்டின் தட்டில் சேஸியை வைத்து, நழுவாமல் பட்டையால் கட்டி, தட்டு தாழ்ந்திருக்கும்போதே ராக் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். ராக்குக்கு நேராக நிறுத்தி, சக்கர பிரேக்கை மிதித்த பிறகுதான் கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றச் சுற்ற தட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கைப்பிடியை விட்டேன். நின்ற இடத்திலேயே நின்றது.

விட்டதும் நான் செய்த முதல் காரியம், டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தது. ராக்கில் சேஸி உட்காரும் தாங்கு ரெயிலின் மேல் விளிம்பும் சேஸியின் அடித்தட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? தட்டு ரெயிலைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அரைச் சுற்று. மறுபடி பார்த்தேன், கொஞ்சம் அதிகம். கால் சுற்று இறக்கினேன். யாருடைய கையும் நடுங்கவில்லை, யாரும் சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லவில்லை. பட்டையை அவிழ்த்து, இரண்டு பேர் முன்னாலிருந்து தள்ளியதும் சேஸி தட்டிலிருந்து ரெயிலுக்கு வழுக்கிப் போனது. இடப்பக்கம் ஒரு கேஜ் நட் கோணலாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பாதியில் நிறுத்தி, அதைக் கழற்றி மாட்டினேன். முதல் சேஸியில் இப்படி ஒன்று வந்திருந்தால் மறுபடி இறக்கியிருப்போம்.

நேரக் கணக்கில் லிஃப்ட் மெதுவுதான். கொண்டுவந்து நிறுத்துவதற்கே ஆள்பலத்தில் தூக்கி முடித்துவிடலாம். ஆனால் இறக்கி மறுபடி ஏற்றிய நேரத்தையும் சேர்த்தால் முதல் சேஸிக்குத்தான் அதிகம் போனது.

லிஃப்டுக்கு உரிய ஆபத்துகள் வேறு. தட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு நகர்த்தவே கூடாது, சுமை மேலே போகப் போக கவிழ்வது சுலபமாகிறது. சரிவுப் பாதையில் ஏற்றி இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். உயர்த்திய தரை (கால்களின் மேல் ஓடுகளை அடுக்கிப் போட்ட தரை) உள்ள அறையாக இருந்தால், லிஃப்ட், சேஸி இரண்டின் எடையும் சேர்ந்து நான்கு சிறிய சக்கரங்கள் வழியாகத் தரை ஓட்டில் இறங்குகிறது. அந்த ஓடுகள் ஒரு புள்ளியில் எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிட்டு, பாதை முழுக்கக் கனமான பிளைவுட் போட்டோம். காற்று வர ஓட்டை போட்ட ஓடுகளின் மேல் போகாமல் சுற்றிப் போனோம். அப்புறம் திரும்பும் இடம். ராக்குகளின் முன்வழி பொதுவாக இரண்டு ஓடு அகலம், அதாவது 1.2 மீட்டர் இருக்கும். ஆழமான சேஸியை ஏற்றிய லிஃப்ட் அதில் திரும்புமா என்பதை வெறும் அட்டைப்பெட்டியை வைத்து முந்தின நாளே தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது. நேராகத் திரும்ப இடம் இல்லாவிட்டால், பக்கவாட்டில் தள்ளி ஏற்றும் தட்டு உள்ள வகை வேண்டும்.

லிஃப்டை எடுத்து வந்ததும் அது தாங்கும் எடையைத் தட்டில் படித்துப் பார்க்கவும், கம்பியோ பட்டையோ நைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கையுறை போட்டுத் தடவுங்கள், அறுந்த கம்பி நுனி குத்தும்.

கழற்றித் தூக்குவது

லைன் கார்டு (கேபிள்கள் மாட்டும் பலகை), பவர் சப்ளை, ஃபேன் ட்ரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பெரிய சேஸிகூட பாதிக்கு வந்துவிடும். பல கையேடுகள் இதைத்தான் சொல்கின்றன. புதிதாக வரும் பெட்டிகளில் கார்டுகள் தனியாகவே வருவதால் பாதி வேலை முடிந்தே இருக்கும்.

எனக்கு இதில் இருக்கும் தயக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சேஸியை இடம் மாற்றும்போதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் எந்த ஸ்லாட் என்று ஒட்ட வேண்டும், ஏனென்றால் கான்ஃபிகரேஷன் ஸ்லாட் எண்ணை நம்பி இருக்கிறது. நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் ஆன்டிஸ்டாட்டிக் உறை, மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் தொடக்கூடாது. திரும்ப மாட்டும்போது கார்டைச் சற்றே கோணலாகத் தள்ளினாலும் பேக்பிளேனில் (கார்டுகள் செருகும் உட்பலகை) இருக்கும் ஊசி போன்ற பின் வளையக்கூடும். கார்டு போனால் கார்டை மாற்றலாம், பேக்பிளேன் போனால் சேஸியையே மாற்ற வேண்டியிருக்கும். நான் முழுதாகக் கழற்றி மாட்டியது ஒரு கை விரல்களில் எண்ணிவிடும் அளவுக்குத்தான், அதில் பின் எதுவும் வளைந்ததில்லை. அதனால் இந்த பயத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் இருக்கும்போது நான் பவர் சப்ளைகளை மட்டும் எடுத்துவிடுவேன். அவை ஒரே பக்கமாக உட்கார்ந்து எடையை அங்கே இழுக்கின்றன, கழற்றி மாட்டுவதும் எளிது. மற்றதைக் கையேடு சொன்னால் மட்டும்.

எதை எப்போது

1 யு, 2 யு ஸ்விட்சுக்கு லிஃப்ட் தேவையில்லை. இரண்டு பேர் போதும், ஒருவர் பிடிக்க ஒருவர் ஸ்க்ரூ போட. நாலைந்து யு வரை எடையையும் ஏற்றும் உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். இடுப்புக்குக் கீழே என்றால் ஆள்பலம், நெஞ்சுக்கு மேலே என்றால் லிஃப்ட். அதற்கு மேற்பட்ட சேஸி எந்த உயரத்தில் என்றாலும் லிஃப்ட்.

எந்த வழி என்றாலும் சுமை வருவதற்கு முன்பே ராக் தரையோடு போல்ட் போட்டு நிற்க வேண்டும். கனமானது கீழே என்ற வரிசையும் ராக் கவிழாமல் இருக்கத்தான். சேஸி உட்கார்ந்ததும் முன் ஸ்க்ரூக்களை முறுக்கி, எர்த் வயரை இணைத்த பிறகே பவர் கேபிளைத் தொடுங்கள்.

லிஃப்ட் கிடைக்கவே கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கே கையேடு அனுமதிக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தாங்கு ரெயிலை முதலிலேயே நான்கு தூணிலும் மாட்டி, அதன் உயரத்தை ஓட்டை எண்ணி இருவர் தனித்தனியாகச் சரிபார்த்துவிடுங்கள். ரெயில் இருந்தால் பின்பகுதி நுழைந்த நொடியிலிருந்தே எடை ரெயிலுக்குப் போய்விடும், முன்னால் நிற்பவர்கள் தள்ளினால் போதும். அப்புறம் தூக்காத ஒரு ஆளை ஓட்டைகளைப் பார்க்க மட்டும் டார்ச்சோடு நிறுத்துங்கள். இறக்கு என்று சொல்லும் உரிமை அவருடையது. அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறக்க வேண்டும் என்பதைத் தூக்குவதற்கு முன்பே எல்லோரிடமும் பேசிவைத்துவிடுங்கள்.