8,400 ரூபாய் டிஸ்கஸ் மீன், டிக்கியில வெந்து வந்துச்சு – மதுரைக்காரங்க உஷார்

கடை பேர் போடலை. சென்னைப் பக்கம் வண்ணமீன் விக்கிற கடை, வெளியூருக்குச் சொந்தக் கார்லயே கொண்டுவந்து தர்றவங்க. அவ்வளவு போதும்.

4 இன்ச் டிஸ்கஸ் 6, ஒண்ணு 1,200. கார் வாடகை 1,200. மொத்தம் 8,400 ரூபாய், முழுசும் முன்கூட்டியே. நம்ப வச்சது ஒரு வீடியோ. கடைக்காரர் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல நின்னு கட்டின பையைச் சுண்டிக் காட்டுறாரு: "பாருங்க ப்ரோ, பந்து மாதிரி இருக்கு. பன்னெண்டு மணி நேரம் தாங்கும்." சிலிண்டரைப் பார்த்ததும் பணம் போட்டாச்சு. அதோட குழாய் பைக்குள்ள போனது வீடியோவுல இல்லவே இல்லை. வெறும் காத்தடிச்சாலும் பை பந்து மாதிரிதான் இருக்கும்!

நேத்து சாயங்காலம் 4 மணிக்கு மாட்டுத்தாவணியில டிக்கியைத் திறந்தா அனல். முன்னாடி ஓடுற ஏசி டிக்கிக்கு வராது. தெர்மாகோல் பெட்டி கிடையாது, வெறும் அட்டைப்பெட்டி. பைக்கு 3 மீன், முக்கால் பை தண்ணி, மேல கொஞ்சம் காத்து. இருக்க வேண்டியது இதுக்கு நேர் தலைகீழ்: தண்ணி ஒரு பங்குன்னா ஆக்சிஜன் ரெண்டு பங்கு. இந்த சைஸ் டிஸ்கஸ் பைக்கு ஒண்ணுதான், முதுகு முள் குத்தும், அதனால ரெட்டைப் பை. தண்ணியில கழிவு மிதந்துச்சு. அப்படின்னா பட்டினி போடாம, தீனி தின்ன மீனை அப்படியே பிடிச்சுக் கட்டியிருக்காங்க. கிளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடியே தீனியை நிறுத்தணும், இல்லைன்னா பைக்குள்ள அம்மோனியா ஏறும். அதோட சூடு வேற. தண்ணி சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலா வேணும். 4 மீன் பையிலேயே செத்துக் கிடந்துச்சு. மிச்சம் 2 ராத்திரிக்குள்ள போயிருச்சு.

போன் போட்டா, "மதுரைத் தண்ணி உப்பு ப்ரோ, ஒத்துக்கல." பையை விட்டே வெளிய வராத மீனுக்கு மதுரைத் தண்ணி எப்படிய்யா ஒத்துக்காமப் போகும்? அடுத்து, "பிரிக்கிறதுக்கு முன்னாடி வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தேன், அனுப்பினேன். "டிரைவர்கிட்ட கேளுங்க." டிரைவர், "நான் வண்டிதான் ஓட்டுறேண்ணே." இப்ப நம்பரே பிளாக். 8,400 ரூபாய்!

மீன் கொண்டுவர்ற முறையை முழுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், எரிச்சல்ல ஓடலை. அவசரத்துக்கு இது மட்டும். பையில இருக்கிற காத்தைப் பிழிஞ்சு வெளியேத்திட்டு, குழாயை உள்ள விடுறது வீடியோவுல தெரியணும். பெட்டி ஏசி படுற பின்சீட்டுக் காலடியில வரணும். பை வந்ததும் கட்டோட 15–20 நிமிஷம் தொட்டியில மிதக்க விடுங்க. பிரிச்ச பிறகு பைத் தண்ணியில தொட்டித் தண்ணியைச் சொட்டுச்சொட்டா ஊத்தி இழுத்தடிக்காதீங்க. நெடுந்தூரம் வந்த பையில கரியமில வாயு தேங்கி, அமிலம் ஏறி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். வாயு வெளிய போனதும் அந்த அம்மோனியாவே விஷமாயிரும். மீனை வலையில அள்ளித் தொட்டியில விட்டுட்டு, பைத் தண்ணியைக் கீழ ஊத்திருங்க. பாதிப் பணம் மீன் நீந்துறதைப் பார்த்த பிறகு.

கூட்டாளி போன்ல பார்த்தா, அந்தக் கடை ஸ்டேட்டஸ்ல அதே வீடியோ ஓடுது: "ஞாயிறு மதுரை வண்டி, புக்கிங் ஓபன்."