கழுத்துக் கயிறா, முகக்கயிறா? மிரளும் செம்மறிக் குட்டியைக் கண்காட்சிக்குப் பழக்க எது நல்லது

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை ஆடு கட்டுவதென்றால் கழுத்துக் கயிறுதான். ஒரு துண்டு நைலோன், ஒரு முடிச்சு, வேலை முடிந்தது. வெள்ளாட்டுக்கு அது போதும். அறுவடை முடிந்த வயலில் செம்மறியைக் கட்டி மேய்க்கவும் அதுவே வசதி. ஆனால் கால்நடைக் கண்காட்சியில் நடுவர் முன்னால் நடக்கவேண்டிய மிரட்சிக் குட்டிக்கு எங்கள் தெரிவு, மூக்கின் மேலும் காதுகளுக்குப் பின்னும் சுற்றிப் போடும் முகக்கயிறு.

இழுவை எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். கழுத்தில் இழுத்தால் செம்மறி தலையைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடும் எதிர்த்து நிற்கும். மூச்சுக்குழல் நெரிபடும், மூச்சு முட்டிய குட்டி இன்னும் மிரளும். தளரக் கட்டினால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். முகக்கயிறு தலையைத் திருப்பும். தலை போன பக்கம் உடம்பும் போகும். குட்டி ஓரடி முன்னே வைத்ததும் நீங்கள் கையைத் தளர்த்தினால் கயிறும் தொய்யும். வந்தால் இறுக்கம் விடும் என்பதை அது அந்தத் தொய்விலிருந்துதான் படிக்கிறது. தாடையை உயர்த்தி நிறுத்துவதும் இதில்தான் இலகு.

ஆகவே தொய்யாத கயிறு எதற்கும் உதவாது. தும்புக் கயிறு கண்ணிக்குள் சிக்கி நிற்கும், முகத்தையும் உரசிப் புண்ணாக்கும். மெல்லிய நைலோன் அறுக்கும். 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பான மெத்தென்ற பருத்திக் கயிறு, இரண்டரை மீற்றர் எடுங்கள். மாரியில் நனைந்து ஊறினால் அதுவும் கண்ணிக்குள் வழுக்கி ஓடாது; கூரைக்குள் காயப்போட வேண்டும்.

ஒரு முனையில் சிறு கண்ணி. அதிலிருந்து 12 முதல் 15 சென்ரிமீற்றர் விட்டு இரண்டாவது கண்ணி. இடையிலுள்ள துண்டு மூக்கின் மேல் வரும், முதல் கண்ணி குட்டியின் வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். மிச்சக் கயிறு இடக் கன்னத்தால் ஏறி, காதுகளுக்குப் பின்னால் சுற்றி, வலக் கண்ணிக்குள் நுழைந்து, தாடைக்குக் கீழால் வந்து இடக் கண்ணியால் வெளியேற வேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: தலைகீழாகப் போட்டால் இறுகும் பகுதி மூக்கின் மேல் வந்துவிடும். மூக்குப் பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே எலும்பில் இருக்கட்டும். மென்மையான நாசிப் பக்கம் இறங்கினால் மூச்சு அடைபடும். குட்டி வளர வளர அளவை மாற்றவும் வேண்டும். கழுத்துக் கயிற்றில் இந்த வேலையெல்லாம் குறைவு, அதை மறுப்பதற்கில்லை.

கண்காட்சிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் சிறிய பட்டிக்குள், அமைதியான ஒரு மூத்த ஆட்டின் பக்கத்தில், தலை மட்டத்தில் கம்பத்தோடு கட்டுங்கள். கயிறு அரை மீற்றருக்குள், ஓர் இழுவையில் அவிழும் முடிச்சு. 10, 15 நிமிடம் போதும். துள்ளும், விழும், விழுந்தால் உடனே தூக்கி நிறுத்துங்கள், தனியே விட்டுப் போகக் கூடாது. துள்ளும்போது அவிழ்த்தால் துள்ளலைத்தான் பழக்குகிறீர்கள். அடங்கி நின்றபின் அவிழ்த்து, ஒரு பிடி தவிடோ கிளிசீரியாக் குழையோ கொடுங்கள்.

நடத்தும்போது குட்டியின் இடப்பக்கம் நில்லுங்கள். நேர் முன்னால் நின்று இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். சற்றுப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரு கால் எடுபடும். அந்தக் கணமே தளர்த்துங்கள். அசையாவிட்டால் வாலடியில் ஒரு தட்டு. வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் இதெல்லாம் விடியற்காலையோடு முடியட்டும். வாயைத் திறந்து இளைத்தால் நிறுத்துங்கள்.

கொம்பு முற்றிய பெரிய கிடாய்க்கு இதே அளவு நம்பிக்கையோடு சொல்லமாட்டோம். அதற்கு இரண்டு கயிற்றையும் போட்டு, இரண்டு பேர் பிடிப்பதே பாதுகாப்பு.