மூன்று கார்புரேட்டர் அவுட்போர்டுக்கு வெளிக்கம்பெனி ரிப்பேர் கிட்: வாங்கலாமா?

யமஹாவின் 698 சிசி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) மூன்று சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். அந்தக் கார்புரேட்டர்களைப் பிரித்துச் சரிசெய்ய ஒரிஜினலைவிட மலிவாக வெளிக்கம்பெனி கிட்டுகள் வருகின்றன. வாங்கலாம். ஆனால் ஸ்லோ (த்ராட்டில் கொடுக்காதபோது ஓடும் குறைந்த வேகம்) நிற்கவில்லை என்றதுமே கிட்டுக்கு ஓடாதீர்கள்.

முதலில் மோட்டாரைத் தண்ணீரில் ஸ்லோவில் விட்டு, இன்சுலேட்டட் பிளையரால் பிளக் கேப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தில் (மோட்டாரின் உலோகப் பகுதியில்) வையுங்கள். எதைக் கழற்றியும் ஆர்பிஎம் இறங்கவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் ஸ்பார்க்கையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். மூன்றுக்கும் கம்ப்ரஷன் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் கார்புரேட்டரில் கை வைத்துப் பயனில்லை. ஸ்பார்க், கம்ப்ரஷன் இரண்டும் சரியாக இருந்து, சோக்கை லேசாக இழுத்ததும் ஓட்டம் சீரானால் ஸ்லோ ஜெட் (ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு, அல்லது கேஸ்கெட் வழியே காற்று. பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அழுத்தியதும் சீரானால் பெட்ரோல் பம்பைப் பிரித்து அதன் டயாபிராமை (சவ்வு) பாருங்கள்.

கிட்டில் பெரும்பாலும் நீடில், அது அமர்ந்து பெட்ரோலை அடைக்கும் சீட், கேஸ்கெட், ஓரிங் மட்டும்தான். ஜெட் வராது. ஆக, ஸ்லோவைக் கெடுக்கும் முக்கியமான அடைப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும்: கிளீனர் ஸ்பிரே, பிறகு காற்று. கம்பி விட்டால் பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். பட்டர்ஃப்ளை (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடு) அருகே மூடிக்குள் இருக்கும் நுண்துளைகளைப் பலர் திறப்பதே இல்லை; எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்ற மோட்டாரில் பிசின் அங்கேயும் பிடிக்கும்.

மலிவு கிட்டில் என்னைக் கவலைப்படுத்துவது கேஸ்கெட்தான். பழையதன்மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையும் நேராக இருக்கிறதா பாருங்கள். ஒன்று விலகினாலும் ஸ்லோ பாதை மூடிக்கொள்ளும், சுத்தம் செய்ததெல்லாம் வீண். நீடிலுக்கும் சோதனை உண்டு: கார்புரேட்டரைக் கவிழ்த்து பெட்ரோல் குழாயில் வாயால் ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையிலேயே அடைத்து நிற்க வேண்டும். கசிந்தால் அந்த நீடில் வேண்டாம்.

மிக்சர் ஸ்குரூவை (ஸ்லோவில் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்வது) கழற்றுமுன் முட்டும்வரை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனியாகக் குறியுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. மாட்டிய பின் ஸ்லோ வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்குரூவைத் தளர்த்தி, மூன்று கார்புரேட்டரையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் ஸ்குரூக்களையும் விடுவித்து, மூன்று பட்டர்ஃப்ளையும் முழுதாக மூடிய நிலையில் இறுக்குங்கள். இதை விட்டால் ஒரிஜினல் கிட் போட்டாலும் மோட்டார் குலுங்கும்.

கிட் ஒரு கார்புரேட்டருக்கா, மூன்றுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கிளாம்ப் பிராக்கெட் (மோட்டாரைப் படகில் பிடித்து மாட்டும் பகுதி) தகட்டிலுள்ள மாடல் குறியீட்டைச் சொல்லுங்கள்; குதிரைத்திறனை மட்டும் சொன்னால் வேறு கேஸ்கெட் வந்துவிடும்.