தொகுப்பு நூலில் உங்கள் கதை வரும் என்று பணம் கேட்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஆடிப்பெருக்குக்கு ஒரு தொகுப்பு நூல், பொங்கலுக்கு ஒன்று, மகளிர் தினத்துக்கு ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கைபேசியில் கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அழைப்பு ஓய்வதே இல்லை. வருகிற விதமும் மாறுவதில்லை. முதலில், "அக்கா, வாய்க்கால் கரையில் அந்தக் கிழவி உட்கார்ந்திருக்கிற இடத்தில் அழுதுவிட்டேன்" என்று ஒரு செய்தி. அடுத்ததில் நீங்கள் தஞ்சை மண்ணின் எழுத்து வாரிசு. மூன்றாவதில் ஜிபே எண்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 60 பேரிடம் ஆளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 42,000 ஆகிறது. டெம்மி என்ற வழக்கமான நாவல் அளவில் 200 பக்கம், ஆளுக்கு ஒரு பிரதி. டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 130 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் செலவு 7,800தான். இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் அதையும் நீங்கள்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். கடைக்குப் போகாத அந்த நூலுக்கு எழுதியவர்களைத் தவிர வாடிக்கையாளர் கிடையாது. சான்றிதழ், கேடயம், "உலக சாதனை" என்று மேடையில் தருவதெல்லாம் அதே பணத்திலிருந்து வருவதுதான். பொன்னாடை மட்டும் கோடையில் களத்துமேட்டில் தலையில் கட்டிக்கொள்ள உதவும்.

தொகுப்பில் போவது சில நூறு ரூபாய். தனி நூல் என்று ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கில் போகும். இப்படிக் காசு வாங்கி நூல் போடும் பதிப்பகத்தார் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம், இன்றைக்கே முன்பணம் போடுங்கள்" என்பார்கள். அவர்கள் அனுப்பும் கட்டணப் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

முதல் வரியே "ஐஎஸ்பிஎன் கட்டணம்" என்றிருக்கும். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரும் அடையாள எண். இந்தியாவில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. கட்டணம் கிடையாது. பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளரே தன் பெயரில் இணையவழி விண்ணப்பிக்கலாம். கையில் கொடுத்த எண் சரிதானா என்று நீங்களே பார்க்கவும் முடியும். 13 இலக்கத்தில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3 ஆல் பெருக்குங்கள். இரண்டும் சேர்ந்த தொகை 10 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் அது கற்பனை எண். வகுபட்டாலும் இன்னொரு புத்தகத்தின் எண்ணாக இருக்கலாம் என்பதால், அதை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். இந்திய எண்கள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அச்சு நூலுக்கும் மின்நூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். இந்த எண் உங்களுக்கு எந்தப் பதிப்புரிமையையும் தராது.

அடுத்த வரி "காப்புரிமைப் பதிவு", அதாவது பதிப்புரிமைப் பதிவு. எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். அதற்கு மேல் கேட்பது அவர்களுடைய கூலி.

"ஜிஎஸ்டி" என்று ஒரு வரியும் இருக்கும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, சேவைக்கு உண்டு. வசூலிக்கிறவர் பில்லில் 15 இலக்கப் பதிவெண்ணைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பில்லே தரமாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

"நூலக ஆணை வாங்கித் தருகிறோம்", அதாவது பொது நூலகங்களை உங்கள் நூலை வாங்க வைக்கிறோம் என்பதற்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேர்ந்தெடுப்பது நூலகத் துறை. வெளியாள் யாரும் அதற்கு முன்கூட்டி உறுதி தர முடியாது.

பக்க எண்ணிக்கையில் நடக்கும் வேலை தனி. டெம்மியில் 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் பிடிக்கும். 30,000 சொல் நாவல் 120 முதல் 150 பக்கத்துக்குள் அடங்க வேண்டியது. 14 புள்ளி எழுத்து, அகல விளிம்பு, இரண்டு வரிக்கு நடுவே ஒரு விரற்கடை என்று இழுத்து 240 பக்கம் ஆக்கி, பக்கக் கணக்கில் பணம் வாங்குவார்கள். ஒப்பந்தத்திலேயே எழுத்தளவு, தாளின் எடையும் வகையும் (70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போல), அட்டை எடை, கட்டு வகை, பிரதி எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். "முதற்பதிப்பு 300 பிரதி" என்று வாயால் சொல்லிவிட்டு 30 அடித்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அச்சகத்தின் பில் நகலைக் கேளுங்கள்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி, பார்க்காமல் அச்சுக்கு ஒப்புதல் தரக் கூடாது. யூனிகோடில் தட்டிய கதையைப் பழைய பாமினி போன்ற எழுத்துருவுக்கு மாற்றும்போதும், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாமல் வடிவமைக்கும்போதும் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ வரும் சொற்களை மட்டும் முதலில் தேடிப் பாருங்கள். "கொல்லை" சிதைந்து கிடந்தால் மற்ற பக்கங்களையும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பிடிஎஃப் மட்டும் போதாது, அச்சிட்ட ஒரு மாதிரிப் பிரதியும் கையில் வர வேண்டும். புத்தகத்தின் முதுகை நன்றாக விரித்துப் பாருங்கள், மலிவான பசையென்றால் தாள் உதிரும்.

பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம், உரிமை போவதுதான் பெரிய இழப்பு. "படைப்பின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தாருக்கு" என்ற ஒற்றை வரியைப் படிவத்தின் கடைசியில் வைத்திருப்பார்கள். ஆடியோ கதை, மொழிபெயர்ப்பு, குறும்படம் எல்லாம் அதில் போய்விடும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "அச்சு நூல் உரிமை மட்டும், 2 ஆண்டு" என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். ராயல்டி விலையிலா, கழிவு போன வரவிலா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அமேசானின் கிண்டிலில் மின்நூல் ஏற்றித் தர ஆயிரங்கள் கேட்கிறவர்களும் உண்டு. அங்கே ஏற்றக் கட்டணமே கிடையாது. ஏற்றும்போது கேடிபி செலக்ட் என்ற அமேசானின் தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் 90 நாளுக்கு அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே இணையத்தில் தொடராகப் போட்டது அப்படியே கிடந்தால் நடவடிக்கை உங்கள் கணக்கின் மேல் வரும். கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவர்கள் கணக்கில் ஏற்றினால் விற்பனை விவரம் உங்கள் கண்ணில் படாது.

பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா? உரையாடல்களை அழிக்காதீர்கள், பணம் போன ரசீதில் உள்ள யூடிஆர் என்ற பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவையுங்கள். ஆளே மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதமானால் பணம் கணக்கு தாண்டிப் போய்விடும். ஆள் இருக்கிறார், புத்தகம்தான் வரவில்லை அல்லது தரமில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அறிவிப்பு, அதற்குப் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பதிப்பகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கும்பகோணத்துக்காரர் என்றால் தஞ்சாவூரில். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.