அருமண் தனிமங்களை (டிஸ்ப்ரோசியம் போன்ற உலோகங்களை) மீட்க எது ஏற்றது: நிலக்கரிச் சாம்பலா, சுரங்க அமிலநீரின் சேறா?

இருப்பு: அனல்மின் நிலையச் சாம்பல் மலைபோல் குவிந்துள்ளது, நுண்தூளாகவே இருப்பதால் அரைக்கும் செலவும் குறைவு. சேறோ, சுரங்கங்களிலிருந்து வழியும் அமிலநீரைச் சுண்ணாம்பிட்டுச் சமன்செய்யும்போது அடியில் படிவது; அத்தகைய இடங்களில் மட்டுமே கிடைக்கும்.

பிரித்தெடுத்தல்: சாம்பலில் இத்தனிமங்களின் பெரும்பகுதி, உலை வெப்பத்தில் உருகி இறுகிய கண்ணாடித் துகள்களுக்குள் சிறைப்பட்டிருப்பதால், காரத்துடன் வறுத்தோ செறிந்த அமிலத்தில் சூடாக்கியோதான் அவற்றை விடுவிக்க முடியும், பெருஞ்செலவு இங்கேதான். சேற்றைப் பொறுத்தவரை, பைரைட்டு எனும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து உண்டாகும் கந்தக அமிலமே பாறையிலிருந்து இத்தனிமங்களைக் கரைத்துத் தந்துவிடுகிறது; சுண்ணாம்பிட்டதும் அவை சேற்றோடு படிந்துவிடுவதால், மீட்க நீர்த்த அமிலமே போதும்.

தரம்: காந்தங்களுக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அருமண் தனிமங்களின் பங்கு பொதுவாகச் சேற்றில் அதிகம்.

பேரளவு உற்பத்தியை நாடுவோருக்குச் சாம்பலே வழி. அமிலநீரைச் சுத்திகரிக்கும் கடமை ஏற்கெனவே உள்ளவர்கள் சேற்றிலிருந்து தொடங்கட்டும்; ஆறுகளைக் காக்கும் செலவில் ஒரு பகுதியேனும் திரும்பக் கிடைக்கும் என்பதால் என் தேர்வும் அதுவே.