ட்ரெய்லர் பாதுகாப்புச் சங்கிலி: சங்கிலி தேறியது, ஷேக்கில் தேறவில்லை

கோயில் விழாக்களுக்கு அண்டாக்களையும் நாற்காலிகளையும் ஏற்றிச் செல்லும் பிரேக் இல்லாத 750 கிலோ ட்ரெய்லருக்காக, தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலுள்ள ஓர் உதிரிபாகக் கடையில், இணைப்பு கழன்றாலும் ட்ரெய்லரைக் காரோடு பிடித்து வைக்கும் இந்தச் சங்கிலித் தொகுப்பை வாங்கினேன். உள்ளே 8 மிமீ சங்கிலிகள் இரண்டும், அவற்றை இரு முனைகளிலும் மாட்டுவதற்கு 10 மிமீ ஷேக்கில்கள் (குறுக்கே ஆணி போட்டு மூடும் U வடிவ வளையங்கள்) நான்கும் இருந்தன.

சங்கிலியைக் குறை சொல்வதற்கில்லை. கிரேடு 80 என்ற வலிமைத் தர முத்திரை கண்ணிகளில் தெளிவாகப் பதிந்துள்ளது. இத்தடிமனில் அதன் பணிச்சுமை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய அதிகபட்சப் பாரம், 2 டன். ஷேக்கில்களிலோ எவ்வளவு தாங்கும் என்ற எண்ணே இல்லை, துத்தநாகப் பூச்சின் பளபளப்பு மட்டுமே இருக்கிறது. முறையாகச் செய்த சாதாரண 10 மிமீ ஷேக்கிலுக்குப் பணிச்சுமை 1 டன் என்றும், அதே அளவில் அலாய் எஃகால் செய்ததற்கு 2 டன் என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், தடிமனைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. பொறிப்பைத்தான் பார்க்க வேண்டும். நான்கையும் கழற்றி வைத்துவிட்டு, எண் பொறித்தவற்றைத் தனியே வாங்கினேன். அதற்கான செலவையும் இத்தொகுப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.

சங்கிலியின் நீளமும் என் வண்டிக்கு அதிகம். "முறுக்கி மாட்டுங்கள் அண்ணா, குறைந்துவிடும்" என்று கடைப்பையன் எளிதாகச் சொல்லிவிட்டான். முறுக்கினால் கண்ணிகள் கோணலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாரம் விளிம்பில் விழும். ஆகவே மிகுதியான கண்ணிகளை வெட்டி எடுப்பதே முறை. ஸ்டியரிங்கை இரு புறமும் முழுவதும் திருப்பியபோது இழுபடாமலும், வேகத்தடை மேல் ஏறும்போது தரையைத் தொடாமலும் இருக்கும் அளவில் நிறுத்திக்கொண்டேன்.

இடச் சங்கிலியை வலப்புறத்திலும் வலச் சங்கிலியை இடப்புறத்திலுமாகக் கப்ளிங்கின் (ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் பூட்டின்) கீழே குறுக்காகப் போட்டு, அந்தப் பூட்டு உட்காரும் பந்தில் அல்லாமல், காரின் பின்புற இழுவைச் சட்டமான டோபாரில் தனியே உள்ள துளைகளில் மாட்டினேன். பந்து கழன்றாலும் ட்ரெய்லரின் முன்பக்க இழுகம்பின் மூக்கு, குறுக்கே போட்ட சங்கிலிகள் அமைக்கும் தொட்டிலில் விழுமேயன்றிச் சாலையில் குத்தாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி என்3 சாலையில் வரும் டவுன் ஹில் போன்ற சரிவில், பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குக் காரின் பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது; கார் அதைப் பிடித்து நிறுத்துவதற்கு இணைப்பு அறாமல் இருப்பதே முதல் தேவை.

750 கிலோவுக்கு மேற்பட்ட, பிரேக் பொருத்திய கேரவனுக்கு (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிக்கு) இத்தொகுப்பு மட்டும் போதாது. இணைப்பு விட்டுப்போனால் கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துவிடும் பிரேக்அவே கேபிள் இதில் இல்லை; அட்டைப்பெட்டியின் மேல் கேரவன் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது.